வாக்கா, மனுவா, வரைவுக் கருத்தா, குழுவா: உலகச் சூழல் கொள்கையில் எதற்கு நேரம் கொடுப்பது?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு எழுதியிருந்தார்கள்: உலகச் சூழல் கொள்கையில் நம் குரல் எடுபட எந்த வழிக்கு நேரம் கொடுப்பது? ஒருவர் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மாணவி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம், அதற்கு மேல் முடியாது என்கிறார். இன்னொருவர் பொதுப்பணித் துறையில் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நேரத்துக்குக் குறைவில்லை. ஆனால் "மனுக்களில் பெயர் தட்டித் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்" என்று சலித்துக்கொள்கிறார். மூன்றாமவர் கடலோர மீனவர் சங்கம் ஒன்றின் செயலாளர். அவர்கள் கரைக்கு ஏதோ வெளிநாட்டுக் கடனில் ஒரு திட்டம் வருகிறதாம்.

மூவருக்கும் வாட்ஸப்பில் வந்திருந்த இணைப்புகள் வேறு வேறு. ஒன்று கருத்துக் கணிப்பு, ஒன்று மனு, ஒன்று ஏதோ ஒரு "உலகக் கலந்தாய்வு"க்கான பதிவுப் படிவம். எல்லாவற்றிலும் வாசகம் மட்டும் ஒன்றுதான்: உங்கள் குரல் உலகத் தலைவர்களுக்குப் போய்ச் சேரும். போய்ச் சேரும், அதில் பொய்யில்லை. எந்த மேசைக்குப் போகிறது, எந்தத் தேதியில் போகிறது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: பேனா இப்போது யார் கையில் இருக்கிறது? உலக ஒப்பந்தம் என்பது யாரோ சிலர் இரவெல்லாம் உட்கார்ந்து, காற்புள்ளிக்குச் சண்டை போட்டு எழுதும் வாக்கியங்கள்தான். வாக்கியம் எழுதும் முன் உங்கள் கருத்து போனால் ஒரு கதை. எழுதி முடித்துப் பேனாவுக்கு மூடி போட்ட பிறகு போனால் வேறு கதை.

இரண்டாவது: வந்த கருத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று அவர்களுக்கு விதி இருக்கிறதா? படிப்பதற்கு ஆள் இருப்பது வேறு, பதில் எழுத வேண்டிய ஆள் இருப்பது வேறு.

மூன்றாவது மொழி. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். தமிழில் எழுதினால் எந்த வாசலில் ஏற்பார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு வாசல் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

அப்புறம் வழக்கமானவை: தனி ஆளாகப் போகலாமா, பதிவு பெற்ற அமைப்பு வேண்டுமா, எத்தனை மணி நேரம் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன. இந்த வழிகள் எல்லாமே இலவசம் என்றுதான் போட்டிருக்கும். கொடுப்பது பணமாக இருக்காது. தூக்கமாக இருக்கலாம், மின்னஞ்சல் முகவரியாக இருக்கலாம், சில சமயம் உங்கள் பெயராகவும் இருக்கலாம்.

என் கணக்கில் முதல் இரண்டு கேள்விகளுக்குத்தான் பாதிக்கு மேல் மார்க்.

## வாக்கும் கருத்துக் கணிப்பும்

2030-க்குள் எட்ட வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள் 2015-இல் வருவதற்கு முன்னால் ஐ.நா. 'மை வேர்ல்ட்' என்று ஒரு கணிப்பு நடத்தியது. பதினாறு விஷயங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் எந்த ஆறு முக்கியம் என்று கேட்டார்கள். இணையத்தில் கேட்டார்கள், செல்பேசியில் கேட்டார்கள், இரண்டும் எட்டாத ஊர்களில் காகிதச் சீட்டைக் கொடுத்துக் கேட்டார்கள். 90 லட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன. அதில் பெரும்பங்கு காகிதச் சீட்டில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல கல்வி முதலிடம், மருத்துவ வசதி இரண்டாமிடம், வேலை வாய்ப்பு மூன்றாமிடம். காலநிலை மாற்றத்துக்கு எதிரான நடவடிக்கை பதினாறில் பதினாறாவது.

ஆனால் கடைசியில் வந்த 17 இலக்குகளில் 13-ஆவது காலநிலை நடவடிக்கைதான். ஏனென்றால் பேனா வாக்குப் பெட்டியில் இல்லை. 30 இடங்கள் கொண்ட ஒரு பணிக்குழுவிடம் இருந்தது. நாடுகள் அதிகம், இடங்கள் குறைவு என்பதால் பல நாடுகள் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றுக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. (அந்த நாற்காலியில் மூவரும் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதை யாராவது தனியாக எழுத வேண்டும்.)

கணிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. ஏழை நாடுகளின் மக்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கேட்கிறார்கள் என்று மேசையில் போட்டுப் பேச ஒரு தாள் கிடைத்தது. ஆனால் அது ஊர் மனநிலையைச் சொல்லும் தாள். வாக்கியத்தை மாற்றும் தாள் இல்லை.

நீடித்த வளர்ச்சி பற்றி ஐ.நா. 2012-இல் நடத்திய ரியோ+20 மாநாட்டின் கதை இன்னும் கசப்பு. பிரேசில் அரசு ஐ.நா.வின் வளர்ச்சித் திட்ட அமைப்போடு சேர்ந்து பத்துத் தலைப்புகளில் இணைய விவாதம் நடத்தியது. அதிலிருந்து நூறு பரிந்துரைகளை வடித்தெடுத்து வாக்குக்கு விட்டார்கள். 60,000-க்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். ஜூன் 16 முதல் 19 வரை ரியோவில் நேரடி அமர்வுகள். தலைப்புக்கு மூன்றாக முப்பது பரிந்துரைகள் தேறி, நாட்டுத் தலைவர்களின் வட்டமேசைக்குப் போயின. தலைவர்கள் கூடியது 20-ஆம் தேதி. மாநாட்டின் 283 பத்தி ஆவணத்தின் மீதான பேச்சுவார்த்தையோ 19-ஆம் தேதியே முடிந்துவிட்டது! உழைத்தவர்களின் முப்பது பரிந்துரைகளும் நல்ல தாளில் அச்சாகி, எழுதி முடித்த ஆவணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. தொடக்க நாளில் தன்னார்வ அமைப்புகளின் சார்பில் பேசியவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: முதல் பத்தியில் 'குடிமைச் சமூகத்தின் முழுப் பங்கேற்புடன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். எடுக்கவில்லை. இன்றும் அப்படியே இருக்கிறது.

எண்ணிக்கை குறைந்தால் மதிப்பும் குறையும் என்றும் நினைக்க வேண்டாம். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2021-இல் வெளியிட்ட காலநிலை வாக்கெடுப்பில் 50 நாடுகளில் 12 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். செல்பேசி விளையாட்டுக்கு நடுவே விளம்பரம் வருமே, அந்த இடத்தில் கேள்வி வந்தது. 2024-இல் அதே வாக்கெடுப்பை 77 நாடுகளில், 87 மொழிகளில், குலுக்கல் மாதிரி எண்களைத் தேர்ந்தெடுத்துப் போன் போட்டு நடத்தினார்கள். பதில் சொன்னவர்கள் 70,000 சொச்சம்தான். ஆனால் புள்ளியியல் தெரிந்தவர்கள் இரண்டாவதைத்தான் நம்புவார்கள், செல்பேசியில் விளையாடாத பாட்டிக்கும் அதில் இடம் உண்டு. இந்த மாதிரிக் கணிப்பில் நீங்களாகப் போய்ச் சேர முடியாது என்பது வேறு விஷயம். போன் வந்தால் உண்டு.

இணைய வாக்கின் மறைமுகச் செலவு ஐந்து நிமிடம் இல்லை. வாக்களித்த பிறகு 'நம் கடமை முடிந்தது' என்று ஒரு நிறைவு வருமே, அதுதான். பள்ளி ஆசிரியருக்கு மட்டும் இது நல்ல கருவி. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பதினாறு விஷயங்களைக் கரும்பலகையில் எழுதி ஆறைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒரு பீரியட் முழுக்கச் சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்காகவே நடத்தலாம்.

## மனு

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஐ.நா. பொதுச்செயலாளருக்கு ஒரு கோடிப் பேர் கையெழுத்திட்டு அனுப்பினாலும், இத்தனைக்கு மேல் வந்தால் இன்னது செய்தாக வேண்டும் என்று விதி கிடையாது. விதி இருக்கிற இடம் ஐரோப்பிய ஒன்றியம். ஏழு நாடுகளிலாவது குறைந்தபட்ச எண்ணிக்கையை எட்டி, மொத்தம் பத்து லட்சம் கையெழுத்து சேர்ந்தால் ஐரோப்பிய ஆணையம் முறைப்படி பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் மனித உரிமை என்ற கோரிக்கைதான் முதலில் அந்த எல்லையைத் தாண்டியது. 16 லட்சத்துக்கு மேல் கையெழுத்து, 2013 இறுதியில் ஒப்படைப்பு. ஐரோப்பியக் குடிநீர்ச் சட்டம் திருத்தப்பட்டது 2020-இல். விதி இருந்தும் ஏழு வருடம். பாரிஸிலும் ஜெர்மனியிலும் குடியுரிமை வாங்கிவிட்ட நம்மவர்களுக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. பலர் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

மற்ற மனுத் தளங்களில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பெயர், மின்னஞ்சல், அஞ்சல் குறியீட்டு எண். பொத்தானை அமுக்கிய அடுத்த நொடி, 'இந்த மனுவை இன்னும் பலர் பார்க்க நன்கொடை தருவீர்களா?' அதற்கப்புறம் வாரம் நாலு மடல். பொறியாளர் ஐயா சொன்ன விரல் தேய்ச்சல் இதுதான்.

மனுவுக்கு ஒரு நல்ல இடம் உண்டு: ஒரு பிரச்சினை இருப்பதே யாருக்கும் தெரியாதபோது. தெரிந்த பிறகு வேறு வழிக்கு மாறிவிட வேண்டும். பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள் 2019-இல் வனுவாட்டுவில் செய்ததைப் பாருங்கள். காலநிலை விஷயத்தில் நாடுகளின் சட்டக் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கையெழுத்துக் கணக்கைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. ஐ.நா.வில் பேனா பிடிக்கும் உரிமையுள்ள ஓர் அரசை, வனுவாட்டு அரசை, இணங்க வைத்தார்கள். 2023 மார்ச் 29-இல் ஐ.நா. பொதுச் சபை தீர்மானத்தை ஒருமனதாக ஏற்றது. 2025 ஜூலை 23-இல் நீதிமன்றம் கருத்துரை வழங்கியது: ஆம், கடமை உண்டு.

## வரைவுக்கு வரிவாரியாகக் கருத்து

என் தனிப்பட்ட சாய்வு இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

காலநிலை அறிவியலில் உலக அரசுகள் மேற்கோள் காட்டுகிற அறிக்கைகளை எழுதுவது ஐபிசிசி, காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அரசுகளுக்கிடையேயான குழு. அந்த வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்ல அழைப்பெல்லாம் வர வேண்டியதில்லை, நீங்களே பதிவு செய்துகொள்ளலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எந்தத் துறையில் உங்களுக்கு அறிவு உண்டு என்று நீங்களே எழுதித்தர வேண்டும். பேராசிரியர் பட்டம் கட்டாயமில்லை. நாற்பது வருடம் மதகும் வாய்க்காலும் பார்த்த ஒருவர் தாராளமாக எழுதலாம்.

அதன் படிவம் எளிமையானது: அத்தியாயம், தொடங்கும் பக்கம், தொடங்கும் வரி, முடியும் பக்கம், முடியும் வரி, கருத்து. அவ்வளவுதான். இந்தப் படிவமே ஒரு வாத்தியார். 'இந்த அத்தியாயம் தென்னாசியாவைக் கண்டுகொள்ளவில்லை' என்று எழுத வந்தவரை, 'எந்த வரியில்?' என்று கேட்டு நிறுத்திவிடும். நகர வெள்ளத்தைப் பற்றிய பத்தி என்று வைத்துக்கொள்வோம். 'பக்கம் 43, வரி 12 முதல் 15 வரை: மழையளவை மட்டும் காரணமாகச் சொல்கிறது. சதுப்பு நிலம் நிரப்பப்பட்டதையும் சேர்க்க வேண்டும், சென்னை பள்ளிக்கரணை பற்றிய இந்த ஆய்வைப் பார்க்கவும்' என்று எழுதினால், எழுத்தாளர் அந்த ஆய்வைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஏன் என்றால், வருகிற ஒவ்வொரு கருத்துக்கும் அவர்கள் பதில் எழுத வேண்டும், அந்தப் பதில் அறிக்கைக்குப் பிறகு வெளியாகும்.

2021-இல் வந்த ஆறாம் மதிப்பீட்டின் முதல் பகுதிக்கு 234 எழுத்தாளர்கள். வந்த கருத்துகள் 78,007. அத்தியாயம் அத்தியாயமாக அந்த அட்டவணைகள் இணையத்தில் கிடக்கின்றன. ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு பக்கம் கேள்வி, எதிர்ப்பக்கம் 'ஏற்கப்பட்டது', 'கவனத்தில் கொள்ளப்பட்டது', 'நிராகரிக்கப்படுகிறது, காரணம் இது' என்று பதில். உலக அளவில் இவ்வளவு ஒழுங்காகப் பொதுமக்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஓர் அவமானமும் இருக்கிறது. 2007 அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி வந்துவிட்டது. ஆதாரம் இல்லாத வரி. வரைவைப் படித்தவர்களில் சிலர் அப்போதே அந்த இடத்தைக் கேள்வி கேட்டிருந்தார்கள், யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை. 2010 ஜனவரியில் ஐபிசிசி தவறை ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கருத்துகளுக்குச் சரியான பதில் போகிறதா என்று மேற்பார்வை இறுகியது. ஒற்றைக் கேள்வியின் விலை தெரிந்துவிட்டது.

சரி, செலவு. ஆங்கிலம் மட்டும். ஓர் அத்தியாயம் நூறு பக்கத்தைச் சுலபமாகத் தாண்டும். வரைவை வெளியே பகிரவோ மேற்கோள் காட்டவோ கூடாது, அதனால் நண்பர்கள் குழுவில் போட்டு விவாதிக்க முடியாது. ஆதாரம் காட்ட வேண்டிய ஆய்வுக் கட்டுரை பல சமயம் காசு கேட்கும் பூட்டுக்குப் பின்னால் இருக்கும். உங்கள் பெயர் விமர்சகர் பட்டியலில் அச்சாகும், சிலருக்கு அது பெருமை, அரசு வேலையில் இருப்பவருக்குச் சங்கடமாகவும் இருக்கலாம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: அறிக்கையின் சுருக்கத்தை வரி வரியாக நிறைவேற்றும் கடைசிக் கூட்டத்தில் பேனா 195 உறுப்பு அரசுகளிடம் போய்விடும். அந்த அறைக்குள் நமக்கு இடமில்லை.

இதே வகையில் இன்னொரு வாசல் கார்பன் சந்தை, அதாவது உமிழ்வைக் குறைத்ததற்கான வரவை விற்று வாங்கும் இடம். பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முந்தைய கியோட்டோ ஒப்பந்தக் காலத்துத் தூய்மை வளர்ச்சி முறையில் ஒரு திட்டத்தைப் பதிவு செய்யும் முன் அதன் ஆவணம் 30 நாள் பொதுக் கருத்துக்காக இணையத்தில் இருந்தது. தமிழ்நாட்டுக் காற்றாலைத் திட்டங்கள் பல அந்த வழியாகப் போனவைதான். காற்றாலையடி ஊர்களில் எத்தனை பேருக்கு அந்த முப்பது நாள் ஓடியது தெரியும்? இப்போது பாரிஸ் ஒப்பந்தத்தின் 6.4 பிரிவின் கீழ் வந்திருக்கும் புதிய முறையும் விதிமுறைகள் எழுதும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. வாசல் திறந்திருப்பதற்கும் வாசலில் மணி அடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

உள்ளூரில் நமக்கு நன்றாக நினைவிருக்கும் உதாரணம், திட்டங்களுக்குச் சூழல் அனுமதி தரும் விதிகளை மாற்ற மத்திய அரசு கொண்டுவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020. உலக ஒப்பந்தம் இல்லைதான், ஆனால் வரைவுக் கருத்தின் பலமும் பலவீனமும் அதில் துலக்கமாகத் தெரிந்தன. ஊரடங்குக் காலத்தில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்த வரைவு. டெல்லி உயர் நீதிமன்றம் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் பெயர்க்கவும் சொன்னது. சுமார் 17 லட்சம் கருத்துகள் குவிந்தன. அவற்றில் ஏராளமானவை ஒரே அச்சில் வார்த்த மின்னஞ்சல்கள். ஒரே வாசகத்தைப் பத்தாயிரம் பேர் அனுப்பினால் படிப்பவருக்கு அது ஒரு கருத்துதான், எண்ணுபவருக்கு மட்டும் பத்தாயிரம். அந்த வரைவு இறுதி அறிவிக்கையாகவே இல்லை, அது திரண்டு எழுதியவர்களின் வெற்றி. ஆனால் அதில் இருந்த மாற்றங்கள் பல பிறகு சின்னச் சின்னத் திருத்தங்களாகவும் அலுவலகக் குறிப்புகளாகவும் பின்வாசல் வழியே வந்தன. ஒவ்வொரு கருத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற விதி இல்லாததன் விளைவு இது என்பது என் எண்ணம். அந்தச் சமயத்தில் மின்னஞ்சல் இயக்கம் நடத்திய இளைஞர் அமைப்புகளின் இணையதளங்கள் முடக்கப்பட்டதும், ஒன்றுக்குப் பயங்கரவாத வழக்குகளில் பாயும் உபா சட்டத்தைக் குறிப்பிட்டு நோட்டீஸ் போய், தவறுதலாக அனுப்பியது என்று டெல்லி காவல்துறை திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். மறைமுகச் செலவு என்று நான் சொன்னதில் இதுவும் சேர்த்தி.

## குழு வழியாக உள்ளே போவது

1992 ரியோ மாநாடு ஒன்பது முக்கியக் குழுக்களை அங்கீகரித்தது: பெண்கள், குழந்தைகளும் இளைஞர்களும், பழங்குடிகள், தன்னார்வ அமைப்புகள், உள்ளாட்சிகள், தொழிலாளர்கள், வணிகம், அறிவியல், விவசாயிகள். இன்றும் ஐ.நா.வில் பேச்சு வாய்ப்பு பெரும்பாலும் இந்தப் பெயர்ப் பலகைகளின் கீழ்தான். பட்டியலில் மாற்றுத்திறனாளிகள் இல்லை. அவர்கள் பக்கவாட்டில் நுழைந்து, வரைவு எழுதும் ஒவ்வொரு கட்டத்திலும் உட்கார்ந்து, 2015-க்கு முந்தைய புத்தாயிரம் இலக்குகளில் ஒரு சொல்கூட இல்லாதிருந்த தங்களை, அந்த 17 இலக்குகளும் அடங்கிய 2030 செயல்திட்டத்தில் பதினோரு இடங்களில் எழுத வைத்தார்கள். 90 லட்சம் வாக்குகள் செய்யாததை ஒரு சிறு குழு செய்தது.

இளைஞர்களுக்கு இதில் நல்ல வாசல் யங்கோ. ஐ.நா. காலநிலை மாநாடுகளில் இளைஞர் தரப்பாக அங்கீகாரம் பெற்ற கூட்டமைப்பு, 35 வயது வரை சேரலாம், கட்டணம் இல்லை, பணிக்குழுக்கள் பெரும்பாலும் இணையத்திலேயே கூடும். தனி ஆளாகவே சேரலாம் என்பதுதான் இதன் அழகு. மாநாட்டு மண்டபத்துக்குள் போக மட்டும் அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஓர் அமைப்பின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

அமைப்பாகப் பதிவது வேறு மாதிரி வேலை. ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனைத் தகுதி (ஐ.நா. கூட்டங்களில் கலந்துகொள்ள வழி தருவது) பெற, அமைப்பு தொடங்கி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பார்ப்பது 19 நாடுகள் கொண்ட ஒரு குழு. ஒரு நாடு ஒரு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான சர்வதேச தலித் ஒற்றுமை வலையமைப்பு 2008-இல் விண்ணப்பித்தது. இந்தியா கேள்வி மேல் கேள்வி கேட்டு நிறுத்தியது, நூறையும் தாண்டின கேள்விகள். தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில். இந்திய அமைப்பாக இருந்து, பயணத்துக்கு வெளிநாட்டுப் பணம் வருவதாக இருந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கணக்கு வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் தூக்கம். நியூயார்க்கில் கோடையில் காலை பத்து மணிக் கூட்டம் நமக்கு இரவு ஏழரை, பரவாயில்லை. பிற்பகல் மூன்று மணிக் கூட்டம் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. அப்படி ஒரு கலந்தாய்வில் இரண்டு நிமிடம் பேச நான் பெயர் கொடுத்திருந்தேன். அரசுகள் பேசி முடிக்கட்டும், நேரம் இருந்தால் குழுக்கள் என்றார்கள். இரண்டரை மணிக்கு என் பெயர் வந்தது. இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகியிருந்தது. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறதே என்று கிசுகிசுத்தே பேசினேன். குறிப்பெடுத்தவருக்கு எவ்வளவு கேட்டதோ! எழுத்தில் முன்கூட்டியே அனுப்பிய இரண்டு பக்கம்தான் பிறகு தொகுப்பில் வந்தது. அன்றிலிருந்து எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

## குலுக்கலில் தேர்வாகும் பேரவை

2021-இல் ஐ.நா.வின் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டையொட்டி 'குளோபல் அசெம்ப்ளி' நடந்தது. உலக மக்கள்தொகைப் பரவலை வைத்து நூறு புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அங்கிருந்து நூறு சாதாரண மனிதர்களைத் தேர்ந்து, 68 மணி நேரம் இணையத்தில் பேச வைத்தார்கள். மொழிபெயர்ப்பு உதவி, இணைய உதவி, கலந்துகொண்டதற்கு உதவித்தொகை எல்லாம் உண்டு. இதுவரை சொன்னவற்றில் ஏழை மனிதரின் நேரத்துக்குக் காசு கொடுத்த ஒரே வழி இது. அறிக்கை மாநாட்டில் ஒப்படைக்கப்பட்டது, ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எப்படியும் நீங்கள் இதைத் தேர்ந்தெடுக்க முடியாது, இதுதான் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் மேலே போவோம்.

## முறையீடு

இது கொள்கை எழுதும் வழி இல்லை, எழுதிய கொள்கையை மீறினால் கேட்கும் வழி. ஆனால் மீனவர் சங்கச் செயலாளருக்கு இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே எதற்கு?

நர்மதைப் போராட்டத்தின் அழுத்தத்தில் உலக வங்கி 1993-இல் ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. வங்கியின் கடனில் நடக்கும் திட்டம் அதன் சொந்தச் சமூக, சூழல் விதிகளை மீறிப் பாதிப்பு உண்டாக்கினால், பாதிக்கப்பட்ட இருவர் சேர்ந்தால் போதும், முறையிடலாம். மின்னஞ்சலில் அனுப்பலாம். சொந்த மொழியிலேயே எழுதலாம், தமிழிலும்தான். நான் சொன்ன அந்த ஒரு வாசல் இது. முன்னதாக வங்கியிடம் நேரடியாகச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆசிய வளர்ச்சி வங்கி, தனியார் திட்டங்களுக்குக் கடன் தரும் உலக வங்கிக் குழும அமைப்பான ஐஎஃப்சி போன்றவற்றுக்கும் இப்படித் தனித்தனி முறையீட்டு அமைப்புகள் உண்டு.

எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். குஜராத்தின் முந்த்ரா மீனவர்கள் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையத்தால் வந்த பாதிப்பைப் பற்றி, அதற்கு 45 கோடி டாலர் கடன் கொடுத்த ஐஎஃப்சியின் முறையீட்டு அலுவலகத்துக்கு 2011-இல் எழுதினார்கள். 2013-இல் வந்த தணிக்கை, ஐஎஃப்சி தன் கடமையில் தவறியதைச் சொன்னது. சரிசெய்வது நடக்காததால் வழக்கு அமெரிக்கா வரை போனது. இத்தகைய அமைப்புகளுக்கு வழக்குகளிலிருந்து முழு விலக்குரிமை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் 7-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. ஆனால் அவர்களுடைய வழக்கு பிறகு கீழ் நீதிமன்றங்களில் தள்ளுபடியானது. உலகத்துக்கு ஒரு கதவு திறந்தது, முந்த்ராவுக்கு நஷ்டஈடு வரவில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பேனாவுக்கு எவ்வளவு அருகில் | பதில் கடமை | மொழி | நேரம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|---|
| வாக்கு, கணிப்பு | வெகு தூரம் | இல்லை | சிலவற்றில் பல மொழிகள் | 5 நிமிடம் | 'முடித்துவிட்டோம்' என்ற நிறைவு |
| மனு | தூரம் | ஐரோப்பாவில் உண்டு, ஐ.நா.வில் இல்லை | எதுவும் | 2 நிமிடம் | மின்னஞ்சல், நன்கொடைத் தொல்லை |
| ஐபிசிசி வரைவுக் கருத்து | மிக அருகில், கடைசிக் கூட்டம் வரை | ஒவ்வொன்றுக்கும் உண்டு | ஆங்கிலம் | ஓர் அத்தியாயத்துக்கு 20, 30 மணி என் அனுபவம் | ரகசிய நிபந்தனை, பெயர் வெளியாவது |
| முக்கியக் குழு | அருகில், ஆனால் வரிசையில் கடைசி | இல்லை | ஆறு மொழிகள், நடைமுறையில் ஆங்கிலம் | மாதக் கணக்கு | தூக்கம், பதிவுச் சிக்கல் |
| முறையீடு | விதி எழுதிய பின் | விசாரணை நடைமுறை உண்டு | தமிழும் | வருடக் கணக்கு | உள்ளூர் அழுத்தம் |

## மூவருக்கும் எழுதியது

மாணவிக்கு யங்கோவைச் சொன்னேன். வாரம் இரண்டு மணி நேரம் அங்கே ஒரு பணிக்குழுவுக்குச் சரியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து எந்த வரைவு எப்போது திறக்கும் என்று அவளுக்கே பிடிபட்டுவிடும். கணிப்பு இணைப்பு வந்தால் நிரப்பட்டும், அதை விண்ணப்பத்தில் 'உலகக் கொள்கை அனுபவம்' என்று எழுத வேண்டாம்!

பொறியாளருக்குச் சந்தேகமே இல்லை, ஐபிசிசிதான். முழு அறிக்கையையும் படிக்க உட்காராதீர்கள், நீர் பற்றிய ஓர் அத்தியாயம், அதிலும் நீங்கள் கையால் தொட்ட விஷயம் வரும் பத்துப் பக்கம் போதும் என்று எழுதினேன். மறுநாளே பதில்: 'பாசன இழப்பு என்று ஒரு சொல் போடுகிறார்கள். அந்த இழப்பில் பாதி பக்கத்துக் கிணற்றுக்குத்தானே போகிறது, அது எப்படி இழப்பு?' பழைய அட்டவணையில் தேடிப்பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இந்தக் கேள்வியை முன்பே யாராவது கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் பதிலும் இருக்கும். இல்லையென்றால் அவர் கேட்கட்டும். ஆங்கிலம் தயக்கமாக இருக்கிறதாம். கல்லூரி மாணவியின் எண்ணை, அவளைக் கேட்டுவிட்டு, கொடுத்திருக்கிறேன்.

செயலாளருக்கு எழுதியது குறைவு. திட்டப் பெயர்ப் பலகையைப் போட்டோ எடுங்கள், கடன் கொடுப்பது உலக வங்கியா, ஆசிய வளர்ச்சி வங்கியா, வேறு யாருமா என்று முதலில் பாருங்கள், எந்த வங்கியோ அதன் முறையீட்டு வாசல்தான் உங்களுடையது. திட்ட ஆவணத்தின் வரைவுக்குக் கருத்துச் சொல்லும் காலம் இன்னும் முடியாமல் இருந்தால் முறையீட்டுக்கு முன் அதற்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகிற நேரம். ஒரு வாரம் பொறுத்துப் போன் போட வேண்டும்.